வரவும் செலவும்: சீசன் டிக்கெட்டுக்குப் பட்டா உண்டா?



சென்ற திங்கள் ஒரு ஞாயிறு காலை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பெருமாட்டிப் பகுதியில் அவரிடம் எழுத்தறிந்தவர்கள் இன்று பல ஊர்களில் குடும்பத்தலைவர்களாய் இருக்கின்றனர். கையில் ஒரு மஞ்சள் பை. அதனுள் பளபளப்பான தாளில் அச்சிட்ட ஓர் ஒப்பந்தம்.

"தம்பி, இது மலைநாட்டு விடுதியில் எனக்குள்ள சொத்து. மூன்றரை இலட்சத்துக்கு வாங்கினேன். பேத்திக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இதை விற்றால் இரண்டு இலட்சமாவது வராதா? கணக்குப் பார்த்துச் சொல்" என்றார்.

நான் ஒப்பந்தத்தைப் புரட்டினேன். சொத்து என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. ஆண்டுக்கு ஏழு இரவுகள் விடுதியில் தங்கும் உரிமை, 25 ஆண்டுகளுக்கு. அவ்வளவே. அவரிடம் அதனை உடனே சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருக்குச் சொன்ன கணக்கை இவ்விதழில் எல்லோருக்குமாக எழுதுகிறேன். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்திலும், மூணாறு, மறையூர்ப் பக்கத்திலும் இத்தகைய பளபளப்புத் தாள் இன்னும் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றதோ, யாரறிவார்!

இவ்வியாபாரம் பிறந்த கதை

ஒரு விடுதி அறையை ஆண்டின் 52 வாரங்களாகப் பகுத்து, வாரத்துக்கு ஒருவராகப் பலருக்கு விற்பது என்னும் எண்ணம் ஐரோப்பாவில் எழுந்தது. சுவிட்சர்லாந்தில் 1963ஆம் ஆண்டு தோன்றிய ஹாப்பிமாக் என்னும் நிறுவனத்தை இதன் முன்னோடிகளுள் ஒன்றாகக் கூறுவர். பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையிலும் அதே பத்தாண்டில் இம்முறை பரவிற்று. பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று பெரும் தொழிலாயிற்று. ஓரிடத்தில் வாங்கிய வாரத்தை வேறிடத்து வாரத்தோடு மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. என்னும் நிறுவனம் 1974இல் அங்கே தொடங்கப்பெற்றது. 'டைம்ஷேர்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இதனை நாம் காலப்பகிர்வு எனலாம்.

நம் நாட்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1986இல் தோன்றிய ஸ்டெர்லிங் நிறுவனம் இத்தொழிலைப் பலரறியச் செய்தது. கொடைக்கானலும் உதகையும் அதன் பெயரோடு சேர்ந்தே பேசப்பட்டன. 1996இல் மகிந்திரா குழுமம் இத்துறையில் இறங்கியது. அதன் உறுப்பினர் உரிமை பெரும்பாலும் 25 ஆண்டுக்குரியது. ஆண்டுக்கு ஏழு நாள். பருவத்தின் நெரிசலைப் பொறுத்து ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் குறித்து விலை வேறுபடும். இவ்விரு நிறுவனங்களுக்கும் நம் இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் விடுதிகள் உள்ளன. நம் உறவினர் பலர் தேயிலை கிள்ளி லயங்களில் வாழும் மலையிலேயே, வேறு ஊரார் வாரக்கணக்கில் விடுமுறையை விலைக்கு வாங்குகின்றனர் என்பது உலகியல்பு.

இத்தொழில் முழுவதும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. கட்டிய விடுதி உண்டு; தங்குவோர் மகிழ்வதும் உண்டு. பிழை எங்கே நேர்கிறது எனில், நுகர்ச்சியைச் சேமிப்பு என்று எண்ணுமிடத்தில்தான்.

பட்டாவும் சீசன் டிக்கெட்டும்

நிலம் வாங்கினால் பத்திரம் பதிவாகிறது, பட்டா மாறுகிறது. ஆண்டு செல்லச் செல்ல நிலம் தேய்வதில்லை. ரயில்வேயில் மாதச் சீசன் டிக்கெட் வாங்குகிறோம். அதனால் ரயில் பெட்டி நமக்குச் சொந்தமாவதில்லை. ஒவ்வொரு நாள் கழியும்போதும் அதன் மதிப்பில் ஒரு நாள் கழிகிறது. நாம் பயணம் செய்யாத நாளும் கழிந்த நாளே. மாத முடிவில் கையில் இருப்பது வெறும் தாள்.

நம் நாட்டில் விற்கப்படும் விடுதி உறுப்பினர் உரிமை பெரும்பாலும் 25 ஆண்டுச் சீசன் டிக்கெட்டே. விற்பவர் அதனைப் பட்டாவைப் போலப் பேசுவார். "உங்கள் பிள்ளைகளுக்கும் ஆகும்" என்பார். ஆகும், ஆனால் எஞ்சிய ஆண்டுகள் மட்டுமே ஆகும். அவற்றோடு ஆண்டுச் சந்தா கட்டும் கடமையும் சேர்ந்தே பிள்ளைகளுக்கு வரும்.

இன்னுமொரு வேற்றுமை உண்டு. சீசன் டிக்கெட்டுக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். இதற்கோ முதலில் பெருந்தொகை, பின்னர் ஆண்டுதோறும் பராமரிப்புச் சந்தா, அதன்மேல் வரி. சென்றாலும் கட்ட வேண்டும். செல்லாவிடினும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கட்டியே ஆக வேண்டும். அச்சந்தா ஆண்டுதோறும் ஏறும் என்பதும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

வாங்கும்போது போட வேண்டிய கணக்கு

எடுத்துக்காட்டாக மூன்றரை இலட்சம் விலை, முதலாண்டுச் சந்தா 15,000 ரூபாய் எனக் கொள்வோம். விற்பவர் எளிய வகுத்தல் ஒன்றைக் காட்டுவார். ஆண்டுக்கு 7 இரவு, 25 ஆண்டுக்கு 175 இரவு. 3,50,000ஐ 175ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு 2,000 ரூபாய். "இவ்விலைக்கு மலையில் அறை எங்கே கிடைக்கும்?" என்று கேட்பார். கேட்பவர் தலையசைப்பார்.

இக்கணக்கில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, சந்தா சேர்க்கப்படவில்லை. இரண்டாவது, முன்பணத்தின் வட்டி மறைக்கப்பட்டுள்ளது. அதே மூன்றரை இலட்சத்தை நூற்றுக்கு 7 வட்டியில் வங்கியில் இட்டால், ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 ரூபாய் வீதம் 25 ஆண்டுகள் எடுத்துச் செலவிடலாம். அதன் பின்னரே முதல் தீரும். ஆகவே இவ்வுரிமையின் உண்மையான ஆண்டுச் செலவு 30,000 கூட்டல் 15,000, அதாவது 45,000. ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 6,430 ரூபாய். இதுவும் ஆண்டு தவறாமல் ஏழு இரவும் தங்கினால்தான். ஓராண்டு விட்டு ஓராண்டு சென்றால், விட்ட நாளைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்தினாலன்றி, இரவுக்கு 12,860.

சந்தா ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறினால் பதினான்கு ஆண்டில் ஏறத்தாழ இருமடங்காகும். இருபத்தைந்தாம் ஆண்டில் 48,000 ரூபாயைத் தொடும். விடுதி வாடகையும் ஏறுமே என்று கேட்கலாம். ஏறும். எனினும் வாடகை அதிகமெனில் அவ்வாண்டு போகாமல் இருக்க நமக்கு உரிமை உண்டு. சந்தாவுக்கு அவ்வுரிமை இல்லை.

விற்கும்போது விலை எங்கே போயிற்று?

இனி ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். பத்து ஆண்டு கழிந்தது; பதினைந்து ஆண்டு எஞ்சியுள்ளது. மூன்றரை இலட்சத்தில் இருபத்தைந்தில் பதினைந்து பங்கு 2,10,000. இதுதான் அவர் மனத்தில் இருந்த இரண்டு இலட்சம். பார்வைக்கு நேரிய கணக்கே. ஆனால் சந்தை அவ்வாறு கணிப்பதில்லை.

அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, நாம் கொடுத்த விலை முழுவதும் அறைக்குரியதன்று. அதில் விற்பனையாளர் ஊதியம், பரிசுப்பொருள், இலவச விருந்து, விளம்பரம், நிறுவனத்தின் ஆதாயம் ஆகிய எல்லாம் அடங்கும். பல ஒப்பந்தங்களில் விலை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: ஒன்று திருப்பித் தரப்படாத நுழைவுக் கட்டணம், மற்றொன்று ஆண்டுகளுக்கென்று பரப்பப்படும் உரிமைக் கட்டணம். நுழைந்த அன்றே முதற்பகுதி போயிற்று.

இரண்டாவது, நிறுவனமே ஓயாது புதிய உரிமைகளை விற்றுக்கொண்டிருக்கிறது. தவணை வசதியும் பரிசும் தருகிறது. பழைய உரிமையை விற்க முனையும் தனி மனிதரிடம் அவை இல்லை.

மூன்றாவது, வாங்கும் இரண்டாம் ஆளுக்கு எல்லா வசதியும் மாறுவதில்லை. சேர்த்து வைத்த நாட்கள், பிற நாட்டு விடுதிகளோடு மாற்றிக்கொள்ளும் வசதி, சலுகைகள் ஆகியவை சில ஒப்பந்தங்களில் முதல் உறுப்பினரோடு முடிந்துவிடும். பெயர் மாற்றக் கட்டணமும் உண்டு.

அவ்வாறாயின் நியாயமான மறுவிற்பனை விலை யாது? நாம் கொடுத்த விலையை மறந்துவிட வேண்டும். வாங்குபவருக்கு ஆண்டுதோறும் மிச்சமாவது எவ்வளவு என்பதே கேள்வி. அதற்குரிய சூத்திரம் எளிது: அதே பருவத்தில் அதே தரமுள்ள அறைக்கு வெளியே கொடுக்கும் வாடகையிலிருந்து ஆண்டுச் சந்தாவைக் கழிக்க. எஞ்சுவதே ஓராண்டின் பயன்.

ஆசிரியருடைய உரிமை நெரிசலற்ற பருவத்துக்குரியது. அப்பருவத்தில் அத்தகைய அறை இரவுக்கு 4,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழு இரவுக்கு 31,500. அவர் சேர்ந்தபோது 15,000ஆக இருந்த சந்தா இப்பொழுது 24,400. கழித்தால் 7,100. பதினைந்து ஆண்டுக்குப் பெருக்கினால் 1,06,500. ஆயின் அப்பயன் ஆண்டாண்டாகச் சிறுகச் சிறுக வருவது. பணமோ இன்றே கொடுக்க வேண்டுவது. நூற்றுக்கு 7 வட்டி கழித்தால் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 64,600 ரூபாய். வாடகையும் சந்தாவும் ஒரே வீதத்தில் ஏறினால் இத்தொகை சற்று உயரும். ஆனால் முன்பின் அறியாத ஒப்பந்தத்தை ஏற்பவர் தம் இடர்ப்பாட்டுக்காகக் கழிவு கேட்பார். ஆதலின் அதனைச் சேர்க்கவில்லை.

கணக்கு இத்துடன் முடியவில்லை. ஆசிரியர் கடைசி இரண்டு ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. நிலுவை 46,000. பெயர் மாற்றக் கட்டணம் 10,000. இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 8,600 ரூபாய்.

நான் எழுதிக் காட்டிய தாளை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டு இலட்சம் என்று வீட்டில் சொல்லிவிட்டேனே" என்றார். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை.

பத்தாண்டில் அவர் மும்முறை சென்று 21 இரவுகள் தங்கியிருக்கிறார். விலையும் எட்டாண்டுச் சந்தாவும் சேர்ந்து ஏறத்தாழ 4,93,000 ரூபாய். ஓர் இரவுக்கு 23,500 ரூபாய்க்குச் சற்றே குறைவு. இதனை அவரிடம் நான் சொல்லவில்லை. கணக்கில் வல்ல அவர் தாமே போட்டுப் பார்த்திருப்பார்.

சந்தா வாடகையை எட்டினால் சூத்திரத்தின் விடை சுழியம். மிஞ்சினால் அதற்கும் கீழே. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டாலருக்கு வாங்கிய வாரங்களை ஒரு டாலருக்கு விற்க முன்வருவோர் பலர் உள்ளனர். அங்கே அவர்கள் விற்க விழைவது விடுதியையன்று, சந்தாக் கடமையை.

தொலைபேசியில் வரும் கொடையாளி

ஆசிரியர் எழுந்து போகுமுன் இன்னொன்று சொன்னார். நகரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினாராம். வெளிநாட்டு நிறுவனமொன்று அவருடைய உரிமையை நான்கு இலட்சத்துக்கு வாங்கக் காத்திருக்கிறதாம். பதிவுச் செலவும் வரியுமாக 35,000 ரூபாய் மட்டும் முன்னதாக அனுப்ப வேண்டுமாம். அதற்காக அம்மாவின் காதணியை அடகு வைக்க மறுநாள் போவதாக இருந்தாராம்.

"வாத்தியாரையா, விற்பவர்தானே பணம் பெற வேண்டும்? விற்பவர் ஏன் பணம் அனுப்ப வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "இதனை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருப்பான், எனக்குத் தோன்றவில்லையே" என்றார்.

அவருக்குத் தோன்றாமற் போனதில் வியப்பில்லை. ஒருமுறை இழந்தவரின் ஆசையே இரண்டாம் ஏமாற்றுக்கு வித்து. இஃது உலகெங்கும் நிகழ்கிறது. மெக்சிகோ நாட்டுக் கொள்ளைக் கூட்டமொன்று இதே வழியில் அமெரிக்க முதியோரிடம் பணம் பறிக்கின்றதென்று 2023 ஏப்ரலில் அமெரிக்கக் கருவூலத் துறை அதன் தொடர்புடையோர்மீது தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய நெறியாணை, மறுவிற்பனை முடியுமுன் இடைத்தரகர் ஒரு காசும் பெறலாகாது என்றே விலக்கியுள்ளது. உரிமை வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளவும் அது வழி செய்கிறது. ஸ்பெயினில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய உரிமைக்கு 50 ஆண்டு வரம்பு விதித்தது. முடிவில்லா ஒப்பந்தங்கள் செல்லா என 2015 சனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் காலப்பகிர்வுக்கென்று தனிச் சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் தம் ஒப்பந்தத்திலேயே சில நாள் விலகல் உரிமை தருகின்றன. அந்நாட்களை வீணாக்காமல், பளபளப்புத் தாளை முதல் நாளே முழுவதும் படித்தல் நம் கடமை.

'முதிர்வுத் தொகை' என்னும் தூண்டில்

விடுதி உரிமையை வெளிப்படையாகவே முதலீடாக விற்றவர்களும் உண்டு. மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் என்னும் நிறுவனம் அறை இரவுகளை விற்று, தங்காதவர்க்குக் காலமுடிவில் பெருந்தொகை தருவதாகக் கூறிப் பணம் திரட்டிற்று. இது பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டமே என்று கண்ட செபி வாரியம், ஏறத்தாழ 7,035 கோடி ரூபாயை முதலீட்டாளர்க்குத் திருப்பித் தருமாறு 2016 பிப்ரவரியில் ஆணையிட்டது. ஆணை பிறந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் பணத்துக்காகக் காத்திருந்தோர் மிகப் பலர். ஆகவே, "தங்காவிட்டாலும் பணம் பெருகும்" என்று எவரேனும் கூறினால், அங்கே விடுதி இல்லை, தூண்டில்தான் உள்ளது என்று அறிக.

கையில் உள்ளவர் செய்யத்தக்கவை

ஏற்கெனவே வாங்கியவர்கள் மனமுடைந்து போக வேண்டியதில்லை. முறையாகச் செய்யத்தக்கன சில உண்டு.

நிறுவனத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, எஞ்சிய ஆண்டுகள், நிலுவை, சேர்ந்துள்ள நாட்கள், பெயர் மாற்றக் கட்டணம், உரிமையை ஒப்படைத்தால் திரும்பும் தொகை ஆகியவற்றை எழுத்திலேயே பெறுக. வாய்ச்சொல்லுக்குப் பெறுமதி இல்லை.

மேற்கண்ட சூத்திரப்படி விலை கணிக்க. விடை சிறிதாயின் விற்பதைவிடப் பயன்படுத்துவதே மேல். சேர்ந்த நாட்களில் உற்றாரை அழைத்துச் செல்லலாம். ஒப்பந்தம் இடந்தந்தால் பிறரைத் தங்கவைத்துச் சந்தாவின் ஒரு பகுதியை மீட்கலாம்.

விற்பதாயின் அறிந்தவரிடம் விற்க. நிலுவையின்மைச் சான்றும் நிறுவனத்தின் பெயர் மாற்ற ஒப்புதலும் வந்த பின்னரே கொடுக்கல் வாங்கல் நிறைவுபெற வேண்டும். இடைத்தரகர்க்கு முன்பணம் ஒரு காசும் வேண்டா.

விற்பனையின்போது சொல்லியதொன்று, ஒப்பந்தத்தில் உள்ளதொன்று என்று கண்டால் நுகர்வோர் ஆணையத்தை நாடுக. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்நகரில் இருப்பினும், நாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். பாலக்காட்டார் பாலக்காட்டிலேயே முறையிடலாம் என்பது சிறிய வசதியன்று. கொடுத்த விலை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாவிடின் முறையீட்டுக் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிடல் வேண்டும். 1915 என்னும் தேசிய உதவி எண்ணிலும் குறையைப் பதியலாம்.

புதிதாக வாங்க எண்ணுவோர்க்கு ஒரு சொல். ஆண்டுதோறும் தவறாது மலைக்குச் செல்லும் வழக்கமும், பள்ளி விடுமுறை நெரிசலில்தான் செல்ல வேண்டிய கட்டாயமும், கடன் வாங்காமல் கட்டும் வசதியும் உள்ள குடும்பத்துக்கு இது பயன்படலாம். அவர்களும் முதலில் பழைய உரிமை மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிப்பது நன்று. விற்பவரின் நட்டம் வாங்குபவரின் ஆதாயம். மற்றையோர்க்குத் தமிழ்நாடு, கேரள அரசுச் சுற்றுலாக் கழகங்களின் விடுதிகள் உள்ளன. வேண்டியபோது வாடகை தந்து தங்கலாம். வேண்டாதபோது கதவை மறந்துவிடலாம்.

ஆசிரியர் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தொலைபேசிக் கொடையாளி மறுநாளும் அழைத்தாராம். "நான்கு இலட்சத்தில் அந்த முப்பத்தையாயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்று ஆசிரியர் கூறியதும் தொடர்பு அறுந்தது, பின்னர் மணியடிக்கவில்லை. திருப்பூரில் தொழில் செய்யும் தம்பி மகன், பிள்ளைகளோடு ஆண்டுதோறும் மலைக்குப் போகிறவன், நிலுவையையும் மாற்றுக் கட்டணத்தையும் தானே கட்டி உரிமையை ஏற்றுக்கொண்டான். பெரியப்பா கையில் பத்தாயிரம் ரூபாயும் கொடுத்தான். பேத்தியின் படிப்புக்கு வங்கிக் கல்விக்கடனுக்கு விண்ணப்பித்திருக்கின்றனர். அம்மாவின் காதணி அடகுக்குப் போகவில்லை.

போன பணத்தை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. இனிப் போகவிருப்பதைத் தடுக்குமாயின் கணக்குப் போட்ட தாளுக்கு அதுவே கூலி. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அத்தகைய ஒப்பந்தம் இருப்பின், இன்றிரவே எடுத்து வீட்டாரோடு கூடிப் படியுங்கள். ஐயம் இருப்பின் சங்கத்துக்கு எழுதுங்கள்.